சும்மா வீடு

மெத்தைகளின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்துப் போட்டுவிடச் சொல்லி சூப்பர்வைசர் ஃபோன் செய்தபோது, எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடும் அந்த நர்ஸ் இரண்டு முறை திருப்பிக் கேட்டாள். "ஆமா சிஸ்டர், எட்டு மெத்தையிலயும்தான். புத்தம் புதுசா இருக்கக் கூடாது. ஆளுங்க படுத்து எழுந்த மாதிரி இருக்கணும்" என்றார். இதே மனிதர்தான் இரண்டரை வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டுப் பணத்தில் வந்த மெத்தை, உறையில் ஒரு கீறல் விழுந்தாலும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று மிரட்டிவிட்டுப் போயிருந்தார். சிஸ்டர் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து வந்து ஒவ்வொரு உறையாக வெட்டி உருவினாள். வாசலில் மலை போலக் குவிந்தது. அந்த உறைக்கு மேலே விரிப்பைப் போட்டுத்தான் இத்தனை நாளும் படுத்திருந்தாள். புரண்டு படுக்கும்போதெல்லாம் அது கறமுற என்று சத்தம் போடும். வந்த புதிதில் பக்கத்துக் கட்டிலில் யாரோ புரள்கிறார்கள் என்று திடுக்கிட்டு எழுந்திருக்கிறாள். பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும் என்றாகிவிட்டது. உறையைக் கிழித்த அன்று படுத்தபோது மெத்தை வாயே திறக்கவில்லை.

அந்த வீட்டுக்குப் பலகையில் எழுதியிருந்த பெயர் 'தாய்மார் காத்திருப்பு இல்லம்'. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அதைச் சும்மா வீடு என்றுதான் சொன்னார்கள். பஸ் கண்டக்டர்கூட "சும்மா வீடு எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பான். தலைநகரத்தில் உட்கார்ந்து நாட்டுக்கே சுகாதாரத் திட்டம் எழுதியவர்கள் வரைபடத்தில் இந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள். பக்கத்திலிருக்கும் சின்ன ஆஸ்பத்திரி பெரிய ஆஸ்பத்திரியாகும், ஆபரேஷன் அறை வரும். அதற்கு ஒரு நாடு பணம் தரும். ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் ஊர்களுக்குப் பாலமும் தார் ரோடும். அதற்கு இன்னொரு நாடு. தூரத்து ஊர்களின் கர்ப்பிணிகள் வலி எடுக்கும்வரை வீட்டில் இருந்துவிட்டு வழியில் சாகாமல், சில வாரங்கள் முன்னதாகவே வந்து தங்கிக்கொள்ள ஓர் இல்லம். அது மூன்றாவது நாட்டின் பொறுப்பு. மூன்றும் சேர்ந்து வந்திருந்தால் நல்ல திட்டம்தான். சிஸ்டரே அதைப் பலமுறை யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆனால் முதல் நாட்டில் ஆட்சி மாறிவிட்டது. இரண்டாவது நாட்டுக்குப் பாலத்தை விடத் துறைமுகம் பிடித்துவிட்டது. மூன்றாவது நாடு மட்டும் சொன்ன சொல் தவறாமல், சொன்ன மாதத்தில், பச்சைக் கூரையும் எட்டுக் கட்டிலுமாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டாரும் வராமல், சமையல்காரரும் வராமல், மண்டபம் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்ற கதையாகிவிட்டது.

ஆபரேஷன் அறை இல்லாத இடத்தில் வந்து எதற்குக் காத்திருப்பது? கொஞ்சம் சிக்கல் என்றால் நேரே நகரத்துக்குப் போனார்கள். சிக்கல் இல்லாதவர்கள் வீட்டிலேயே பெற்றுக்கொண்டார்கள். முதல் வருஷத்தில் சிஸ்டர் ஊர் ஊராகப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருத்தி மாவாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "நான் அங்க வந்து காலை நீட்டிப் படுத்துக்கிறேன். வீட்ல இருக்கிற ரெண்டையும் யாரு பாப்பா? நீங்க வந்து பாக்குறீங்களா?" என்று கேட்டாள். இன்னொருத்தி வந்தாள். மூன்று நாள் இருந்தாள். அந்த அமைதியைக் கண்டு பயந்து நான்காம் நாள் சொல்லாமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு சிஸ்டர் யாரையும் கூப்பிடப் போகவில்லை. ஆனாலும் வாரம் தவறாமல் எட்டு விரிப்பையும் துவைத்து மாற்றினாள். தனக்கென்று கொடுத்திருந்த சின்ன அறையை விட்டுவிட்டுக் கூடத்தில் படுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நாள் ஜன்னலோரக் கட்டில், கொஞ்ச நாள் சுவரோரக் கட்டில். ஒரே மெத்தை பள்ளமாகிவிடக் கூடாதே என்று தனக்குத்தானே காரணமும் சொல்லிக்கொண்டாள்.

அவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. வீடு, புருஷன் எல்லாம் ஒரு நாள் பயணத் தூரத்தில் இருந்தது. பதவி உயர்வோடு இந்த இடத்தைப் போட்டபோது, "ஒரு வருஷம்தானே, ஓட்டிடலாம்" என்று அவர்தான் தைரியம் சொல்லி அனுப்பினார். அவர் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. மகன் படிப்பை முடித்து வேலைக்கென்று கண்காணாத தேசம் போய்விட்டான். முதலில் மாதம் ஒருமுறை ஊருக்குப் போனாள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கடைசியாகப் போயிருந்தபோது காலையில் டீ போட நின்றவள், "ஏங்க, சர்க்கரை டப்பா எங்க?" என்று கேட்க வேண்டி வந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, மேல் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "இங்கதான் வைக்கிறது வழக்கம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி பணிவாகத்தான் சொன்னார். இல்லத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க அந்தப் பணிவைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

பணம் கொடுத்த நாட்டிலிருந்து ஆள் வந்து பார்க்கப்போகிற நாளன்று, காலையிலேயே சூப்பர்வைசர் ஒரு வேன் நிறையப் பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஆளுக்கொரு கொசுவலையும் மதியச் சாப்பாடும் தருவதாகப் பேச்சு. நிஜமான கர்ப்பிணிகள் மூன்று பேர்தான் அவருக்குக் கிடைத்திருந்தார்கள். மற்றவர்களை உடம்பைப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தார். அதிலும் ஒருத்தி காய்கறிக் கடைக்காரம்மா, பேரன் பேத்தி எடுத்த வயது.

"சார், இந்த அம்மாவையா?" என்றாள் சிஸ்டர்.

"தலைக்கு மேல துணியைப் போட்டுப் படுத்துக்கட்டும் சிஸ்டர். முகம் தெரியாது."

"எனக்கு வயித்துல நேத்து ராத்திரி சாப்பிட்டதுதான் இருக்கு" என்றாள் காய்கறிக் கடைக்காரம்மா. கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. ஒரு தலையணையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய சம்பளமே இந்தத் திட்டத்திலிருந்துதான் வந்தது. திட்டம் நின்றால் அவரும் நிற்க வேண்டியதுதான். ஓய்வு பெற இன்னும் கொஞ்சம் வருஷம் பாக்கியிருந்தது.

சிஸ்டர் இதையெல்லாம் பிடிக்காத வேலை என்றுதான் நினைத்திருந்தாள். இப்படி ஒரு பொய்க்குத் தன் வீட்டையே மேடையாக்க வேண்டியிருக்கிறதே என்று முந்தின நாள் முழுக்கப் புழுங்கினாள். ஆனால் பெண்கள் உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் மாறிப்போயிற்று. குழாயில் யாரோ முகம் கழுவினார்கள். யாரோ சோப்பு கேட்டார்கள். ஒருத்தி ஜன்னலைத் திறந்து, "இந்தப் பக்கம் காத்து நல்லா வருதே" என்றாள். இத்தனை நாளில் அந்த ஜன்னலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு பேர் ஒரே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மூன்றாவது ஒருத்தியின் மருமகளைப் பிரித்து மேய்ந்தார்கள். சிஸ்டருக்கு டீ போட்டுக் கை ஓயவில்லை. தம்ளர் போதவில்லை என்று அளவுக் குவளையிலும் ஊற்றிக் கொடுத்தாள். "சிஸ்டர், இங்க வாங்க", "சிஸ்டர், இது எங்க இருக்கு?" என்று நாலா பக்கமும் குரல். அவள் ஓடி ஓடிப் பதில் சொன்னாள். ஒரு தடவை கண்ணாடியில் தன் முகத்தைத் தற்செயலாகப் பார்த்தவள், பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிற அந்தப் பொம்பிளை யார் என்று ஒரு கணம் திகைத்தே போனாள்.

நிஜ கர்ப்பிணிகளில் ஒருத்தி செங்கல் சூளையில் வேலை பார்ப்பவள். ஒல்லியான உடம்பு. வயிறு மட்டும் தனியாக, யாரோ கொடுத்து வைத்ததைப் போலத் தெரிந்தது. விரல் இடுக்குகளில் சிவப்பு மண். அவள் யாரிடமும் பேசவில்லை. டீயைக் குடித்தாள், சுவரோரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தாள், கன்னத்தின் கீழே கையைக் கொடுத்தாள். அடுத்த நிமிடம் தூங்கிப்போனாள். சத்தம், சிரிப்பு எதுவும் அவளை அசைக்கவில்லை. சிஸ்டர் போர்வையை இழுத்து விடப் போனவள் அவள் பாதத்தைப் பார்த்தாள். வீங்கியிருந்தது. அமுக்கிப் பார்த்தபோது விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மெல்ல எழுப்பி ரத்த அழுத்தம் பார்த்தாள். நன்றாகவே ஏறியிருந்தது.

"தலைவலி இருக்கா?"

"எப்பவும் இருக்குறதுதான்."

"கண்ணு மங்கலாத் தெரியுதா?"

"சாயந்தரம் ஆனா கொஞ்சம்."

"நீ இங்கயே தங்கிடு. இன்னைக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் வர்ற நாள் இல்ல. நாளைக்கு அவர்கிட்ட காட்டிட்டு, வேணும்னா நகரத்துக்கு அனுப்பி வைக்கிறேன்."

அவள் சிஸ்டரின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "நெசமாவா? தங்கலாமா?" என்றாள். சும்மா படம் காட்டுவதற்காகக் கொண்டுவந்த இடத்தில் நிஜமாகவே இருந்துகொள்ளலாம் என்பது அவளுக்கு ஏதோ ஏமாற்று வேலை போலப் பட்டிருக்க வேண்டும். சிஸ்டர் தலையாட்டினாள். அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

விருந்தாளிகள் மதியத்துக்கு மேல்தான் வந்தார்கள். பணம் கொடுத்த நாட்டின் அம்மா, மொழிபெயர்க்க ஓர் இளம்பெண், தலைநகரத்துத் திட்ட அதிகாரி ஒருவர். அதிகாரி ஃபோனில் பேசிக்கொண்டே இறங்கி, ஃபோனில் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். அந்த அம்மா நல்ல உயரம், நரைத்த குட்டை முடி, முழங்காலில் ஏதோ கோளாறு. படியேறும்போது ஒரு காலை இழுத்து வைத்தாள். வாசலில் செருப்புகள் கிடந்ததைப் பார்த்துத் தானும் ஷூவைக் கழற்றினாள். கூடத்துக்குள் வந்ததும் முதலில் அவள் கண்ணில் பட்டது சூளைக்காரிதான். வாய் லேசாகத் திறந்திருக்க, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் திரும்பிப் பார்த்தாள்.

அதன் பிறகு எல்லாமே ரகசியக் குரலில்தான் நடந்தது. சூப்பர்வைசர் மனப்பாடம் செய்து வைத்திருந்த வரவேற்புரையைக் கிசுகிசுத்தார். மொழிபெயர்ப்புப் பெண் அதைக் கிசுகிசுத்து மொழிபெயர்த்தாள். திட்ட அதிகாரி ஃபோனை அணைத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பையன் போலக் கையைக் கட்டிக்கொண்டார். சிரிப்பை அடக்க முடியாமல் ஒருத்தி போர்வைக்குள் குலுங்கினாள். காய்கறிக் கடைக்காரம்மா மரியாதைக்கு எழுந்து உட்காரப் போனதில் வயிற்றிலிருந்து தலையணை நழுவித் தரையில் விழுந்தது. சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா வலிக்கும் முழங்காலை மடக்கிக் குனிந்து, அதை எடுத்து, தூசி தட்டி, கடைக்காரம்மாவின் தலைமாட்டில் வைத்தாள். தோளைத் தொட்டு மறுபடி படுக்க வைத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பிறகு சிஸ்டரை மட்டும் வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். மொழிபெயர்ப்புப் பெண் கூட வந்தாள். இரண்டடி தள்ளி சூப்பர்வைசரும் வந்து நின்று, கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரியில இங்க எத்தனை பேர் இருப்பீங்கன்னு கேக்குறாங்க" என்றாள் அந்தப் பெண்.

சொல்லிக்கொடுத்திருந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஏழு, எட்டு, சில நாள் இடம் போதாமல் கீழே பாய் விரிக்க வேண்டியிருக்கும். சிஸ்டர் வாயைத் திறந்தாள். "நான் மட்டும்தான்" என்று வந்தது.

இரண்டரை வருஷமாக இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. புருஷன்கூட "சாப்ட்டியா?" என்று கேட்பாரே தவிர யாரோடு என்று கேட்டதில்லை. சூப்பர்வைசர் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் தோள் மட்டும் இறங்கிப்போனது தெரிந்தது.

அந்த அம்மா தலையசைத்துவிட்டுத் தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்புப் பெண் தயங்கினாள். "அது தெரியும்னு சொல்றாங்க. புதுத் திட்டம் எழுதி முடிச்சாச்சாம். அதுல காத்திருப்பு இல்லம் எதுவுமே இல்லையாம். கர்ப்பிணிகளைக் கூட்டிப் போற வண்டிக்கும், அதைக் கூப்பிடற ஃபோனுக்கும்தான் பணமாம். இன்னைக்கு அவங்க முடிவு பண்றதுக்கு வரல."

"அப்ப எதுக்கு வந்தாங்க?"

அந்தப் பெண் கேட்டுச் சொன்னாள். "இந்த மாதிரி வீடு வேணும்னு முதல்ல எழுதினது அவங்கதானாம். எழுதினதோட சரி, ஒண்ணைக்கூட நேர்ல பார்த்ததில்லையாம். மூடறதுக்கு முன்னாடி பார்த்துட்டுப் போலாம்னு."

சிஸ்டர் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். மூன்று பேரும் வராந்தாப் படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். எதிரே, பாலம் வந்திருக்க வேண்டிய இடத்தில், ஆறு அகலமாகப் போய்க்கொண்டிருந்தது.

வந்த கார் கிளம்பிய கையோடு வேனும் ஹாரன் அடித்தது. சிஸ்டர் சூப்பர்வைசரை மறித்து நின்றாள்.

"சார், அந்தச் சூளைப் பொண்ணு இருக்கட்டும். பிரஷர் ஏறியிருக்கு."

"எப்படிம்மா விட்டுட்டுப் போறது? பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து விடறேன்னு அவ மாமியார்கிட்ட சத்தியம் பண்ணியில்ல கூட்டியாந்தேன்? ரெண்டு பிள்ளைங்க வேற இருக்கு." அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "நீங்கதான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டீங்களே. அப்புறம் என்ன."

சூளைக்காரி அதற்குள் எழுந்து வாசலில் நின்றாள். கையில் கொசுவலை. கன்னத்தில் விரிப்பின் மடிப்பு பதிந்திருந்தது. அவளாக ஏதும் கேட்கவில்லை. சிஸ்டர் அவள் கையைப் பிடித்து, உப்பைக் குறைக்கணும், கண் இருட்டினாலோ வயிற்றுக்கு மேலே வலித்தாலோ யாரையும் கேட்காமல் வண்டி பிடித்து நகரத்துக்குப் போய்விடணும் என்று படபடவென்று சொன்னாள். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். வண்டி எங்கிருந்து வரும் என்று இரண்டு பேருமே பேசவில்லை.

வேன் போன பிறகு சிஸ்டர் கூடத்தில் வந்து நின்றாள். எட்டு மெத்தையிலும் எட்டு விதமாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு கட்டிலில் கொண்டை ஊசி, இன்னொன்றில் பாதி தின்ற பிஸ்கட். விரிப்புகளை உருவப் போனவள் அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

இருட்டத் தொடங்கும்போது புருஷன் ஃபோன் செய்தார். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படிப் போச்சு?"

"மூடப் போறாங்களாம்."

டிவியில் யாரோ கைதட்டினார்கள். "அப்படியா" என்றார். பிறகு, "அப்போ டிரான்ஸ்ஃபர் இந்தப் பக்கம் போடுவாங்களா?" என்றார்.

"கேட்டா போடுவாங்க."

"கேட்டுப் பாரு."

வா என்று அவர் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. அதற்குமேல் அந்தப் பேச்சில் எதைத் தோண்டுவது என்று சிஸ்டருக்குத் தெரியவில்லை. அவர் குரலில் எரிச்சல் எதுவும் இருந்தால்கூடப் பரவாயில்லை, அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பாள். சண்டை போடுவதற்கும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது. "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றார். ஃபோனை வைத்தார்கள்.

மூடுகிற உத்தரவு எண்ணி ஒரு மாதத்தில் வந்துவிட்டது. திறப்பதற்குத் திட்டம் எழுதி, வரைபடம் போட்டு, அடிக்கல் நாட்டி எத்தனையோ வருஷம் ஆன இடம். மூடுவதற்கு ஒரு லாரியும் நாலு ஆட்களும் போதுமாக இருந்தது. கட்டில்களையும் மெத்தைகளையும் ஏற்றிக்கொண்டு போக சூப்பர்வைசரே வந்தார். வேலை போனதில் ஆள் ஒரு சுற்று இளைத்திருந்தார். மச்சானின் சிமெண்டுக் கடையில் உட்காரப்போவதாகச் சொன்னார். சிஸ்டர் மன்னிப்பு கேட்க வாயெடுத்தாள். அவர் கையை வீசி மறித்து, "விடுங்க. நீங்க எட்டுன்னு சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்" என்றார். அது ஆறுதலா குத்தலா என்று அவளுக்குப் புரியவில்லை.

"எந்த ஊர் வேணும்னு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார். நாளைக்குத்தான் கடைசி."

"என்னம்மா யோசனை? வீட்டுப் பக்கமா கேட்டு வாங்கிட்டுப் போங்க."

"அந்தச் சூளைப் பொண்ணு என்ன ஆனா சார்?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். "எந்தப் பொண்ணு?" என்றார்.

லாரி போனதும் சிஸ்டர் ரத்த அழுத்தக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு செங்கல் சூளைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள். கணக்குப்படி சூளைக்காரிக்குப் பிரசவம் ஆகியிருக்க வேண்டும். 'அல்லது' என்று ஆரம்பித்த நினைப்பை வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்தாள். எப்போதோ நகரத்து ஆஸ்பத்திரியில், பிரஷர் ஏறி வலிப்பு கண்ட ஒரு பெண்ணை நாலு பேர் கதவுப் பலகையில் தூக்கி வந்ததைப் பார்த்திருக்கிறாள். இந்த ஒரு மாதத்தில் பத்து தடவையாவது போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. போய்க் கேட்டு, அவள் உயிரோடு இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண்டக்டர், சாயந்தரம் திரும்புகிற இதே வண்டிதான் கடைசி, விட்டால் வேறு இல்லை என்று எச்சரித்தான்.

சூளைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறைகள் வரிசையாக இருந்தன. கடைசி அறையின் வாசலில் இரண்டு குழந்தைகள் உடைந்த செங்கல்லை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தவள் அவளேதான். இடுப்பில் துணியில் சுருட்டிய சின்ன உயிர் ஒன்று.

"ஐயே! சும்மா வீட்டு சிஸ்டர்தானே?" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். "எங்க பெத்த?" என்றாள்.

"இங்கதான். செங்கல் லாரி வரும், அதுல நகரத்துக்குப் போயிடலாம்னு பார்த்தோம். லாரி வர்றதுக்குள்ள இவன் வந்துட்டான்."

"வலிப்பு கிலிப்பு ஒண்ணும் வரலையே?"

"இல்லையே."

சிஸ்டர் கருவியை எடுத்து அவள் கையில் சுற்றினாள். பார்த்தாள். நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தாள். இறங்கியிருந்தது. பாதத்தை அமுக்கினாள், குழி விழவில்லை. குழந்தையின் கண்ணை, தொப்புளை, நகத்தைப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. திட்டமும் இல்லாமல், இல்லமும் இல்லாமல், அவளும் இல்லாமல் எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது. அப்பாடா என்று மனசு ஆறிய அதே நேரத்தில், அடியில் எங்கோ ஒரு சின்ன ஏமாற்றமும் இருப்பதை அவள் கண்டுகொண்டாள். தன்மேலேயே வெட்கமாக இருந்தது. கருவியைச் சுருட்டிப் பைக்குள் வைக்க வேண்டியதற்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

"இதைப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தீங்க? வேற யாரையாச்சும் பாக்க வந்தீங்களா?"

"இல்ல. சும்மாதான் வந்தேன்."

சூளைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததைப் பார்த்துச் சிஸ்டருக்கும் வந்தது. சிரித்து முடித்த பிறகு அவள், "அந்த வீட்டை மூடிட்டாங்களாமே" என்றாள்.

"கட்டிலெல்லாம் இன்னைக்குத்தான் போச்சு."

"அட, அடுத்த தடவை வரலாம்னு நெனச்சேன்."

"இதுக்கு மேல அடுத்தது வேறயா?"

"பெத்துக்க இல்ல சிஸ்டர். தூங்கறதுக்கு." குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். கண்ணுக்குக் கீழே கரி பூசினது போல இருந்தது. "அன்னைக்கு அங்க தூங்கினேன் பாருங்க, அந்த மாதிரி கல்யாணம் ஆனதுலேருந்து தூங்கினதில்ல. வேன்ல வரும்போதுகூட அதையேதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். யாரோ சின்னக் குரல்ல பேசிக்கிட்டே இருந்தாங்க. எனக்காகத்தான் அப்படிப் பேசறாங்கன்னு தூக்கத்துலயும் தெரிஞ்சுது."

வெளியே பிள்ளைகள் அடுக்கிய செங்கல் சரிந்து விழுந்தது. மறுபடி அடுக்கத் தொடங்கினார்கள்.

"மாமியார் சூளையிலேருந்து வர்ற வரைக்கும் இவனைக் கொஞ்சம் வச்சுக்கிறீங்களா?" என்றாள் அவள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழந்தையைச் சிஸ்டரின் மடியில் விட்டாள். மூலையில் கிடந்த பாயில் ஒருக்களித்துப் படுத்தாள், கையைக் கன்னத்துக்குக் கொடுத்தாள். கண் மூடியதுதான் தெரியும், மூச்சு சீராகிவிட்டது.

குழந்தை கனமே இல்லை. சூடு மட்டும் இருந்தது. சிஸ்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலை நீட்டினால் அவள் விழித்துக்கொள்வாளோ என்று நீட்டாமல் இருந்தாள். தகரக் கூரையில் வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு எந்த ஊரின் பெயரைச் சொல்வது என்று யோசிக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தாளே ஒழிய யோசிக்கவில்லை. பிள்ளைகளில் பெரியது வாசலில் வந்து நின்று அம்மாவைப் பார்த்தது, சிஸ்டரைப் பார்த்தது. சத்தம் போடாமல் திரும்பிப் போயிற்று.

திருப்பத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. நின்றது. ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தான். சிஸ்டர் உள்ளங்கையைக் குவித்துக் குழந்தையின் காதை மூடினாள்.